தொட்டிலில் நாலு கிலோ

6.4.87, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. பிள்ளை கோதைக்குச் சளி தேவலை. நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டது, சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை ராஜபாளையம் காலேஜில் பிராக்டிகல். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடிக்க இது ஒன்றுதான் பாக்கி. போன தடவை நிறைமாதம், போகவில்லை. இதையும் விட்டால் பாடத்திட்டம் மாறிவிடும், எல்லாம் முதலிலிருந்து. அவர் பட்டாளத்திலிருந்து எழுதிய கடிதத்தில் 'போயிட்டு வா' என்று ஒரு வரி. மாமியார் என்ற முறையில் அத்தையிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டார்கள்.

7, செவ்வாய்

ஸ்பிரிங் சோதனை கை மறந்துபோச்சு. வீட்டில் ஸ்பிரிங்குக்கு எங்கே போக? தலைக்கு மேலே தொட்டில் ஸ்பிரிங் தொங்குகிறது, மண்டு, இத்தனை நாள் தோன்றவில்லை.

பிள்ளையைப் பாயில் விட்டேன். எடை தெரிந்த பொருள் வேண்டுமே. அம்மிக் குழவி. பருத்தி நிறுக்கிற தராசில் 4 கிலோ. தொட்டிலில் வைத்துக் கீழே இழுத்து விட்டேன். மேலும் கீழும் 20 ஆட்டம், 18 வினாடி. ஸ்பிரிங் மாறிலி சுமார் 195.

பிறகு கோதை. 20 ஆட்டம், 20 வினாடி. ஆக, என் மகள் 4.9 கிலோ! சிரித்துவிட்டேன். இப்படிச் சிரித்து எத்தனை மாதம்.

அடிக்கு வந்து ஒரு கணம் நிற்கும்போது முழுக்க நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் சைபர். நடுவில் நேர்மாறு. கூட்டினால் எப்போதும் ஒன்றே.

சரிபார்க்க மறுபடி குழவி. எழுதிக்கொண்டே நிமிர்ந்தால் வாசற்படியில் அத்தை. தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

8, புதன்

அத்தை சொல்லி, எங்கள் சுந்தரபாண்டியம் முழுக்கச் செய்தி. ஆண் பிள்ளை வேண்டி நான் தொட்டிலில் கல் ஆட்டினேனாம். குழவியைப் பிள்ளையாக வைத்து ஆட்டி நேர்ந்துகொள்வது இங்கே வழக்கம்தான். எனக்கு அது ஞாபகமே வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் குங்குமத்தோடு வந்துவிட்டாள். அத்தை முகத்தில் அப்படி ஒரு களை.

நேர்ந்துகொண்டவள் நாற்பத்தெட்டு நாள் ஊர் எல்லை தாண்டக்கூடாதாம். அப்போ வெள்ளிக்கிழமை? என்று அத்தையிடம் கேட்டேன். பரீட்சை எங்கேயும் ஓடிவிடாது என்றார்கள்.

 

9, வியாழன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போனது.

உண்மையைச் சொன்னால் போகலாம். சொன்னால் சாமி காரியத்தில் விளையாடினேன் என்று ஆகும். அதைவிட, அத்தை பாவம். பேரன் பேரன் என்று இரண்டு நாளாகப் பூரித்துப்போய் இருக்கிறார்கள். எந்த வாயால் இல்லை என்பது?

ஹால் டிக்கெட், ரெக்கார்டு நோட்டு, பென்சில். பையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

10, வெள்ளி

ஏழரை பஸ் போய்விட்டது. அடுத்தது எட்டேகால். சேலை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நேர்ந்துகொள்ளவே இல்லை, பரீட்சைக்காக ஸ்பிரிங்கை ஆட்டிப் பார்த்தேன், மன்னிச்சிருங்க என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

கை நிற்கவில்லை அவர்களுக்கு.

"தெரியும்ட்டி. நீ வாட்சப் பாத்துப் பாத்து நோட்டுல எழுதுனத நானுந்தான பாத்தேன். இனி எல்லையத் தாண்டுனா ஊரு உன்னத்தான் பேசும்."

பாதிப் பூண்டை என் பக்கம் தள்ளினார்கள். உட்கார்ந்து உரித்தேன்.