பசை போட்ட கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குறை சொல்ல ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி மழை வந்தால் வருகிறது, வெயில் வந்தால் போகிறது. வாய் மட்டும் எல்லாப் பருவத்திலும் நன்றாக இருக்கிறது. அப்பாவுக்கு இடது காது மந்தம். பாதி நாள் நிஜமாகவே கேட்பதில்லை, மீதி நாள் அம்மா பேசும்போது மட்டும் கேட்பதில்லை. என் கண்ணாடிக் கடையில் வேலை முதுகை முறிக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் அல்லவா, ஒரு நாளைக்கு இருபது பிள்ளைகளாவது கண் பரிசோதிக்க வந்துவிடுகிறார்கள்.

போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். கடையிலிருந்து இரண்டு தடவை தொடங்கினேன், இரண்டு தடவையும் ஆள் வந்துவிட்டார்கள். விஷயம் கொஞ்சம் நீளம். அதனால்தான் கடிதம்.

நீ கேட்ட அந்தப் பொம்மைக் கட்டைக் கோட்டையைப் பற்றித்தான். நீ அங்கே வாங்கியிருக்கும் பழைய கோட்டைக்கு வாசல் கதவும் இரண்டு கொடிகளும் கொஞ்சம் சாம்பல் நிறக் கட்டைகளும் குறைகின்றன, நம் வீட்டுக் கோட்டையைப் பிரித்தால் எல்லாம் கிடைத்துவிடும், பசையை எடுக்கத் தெரிந்தவர்களைக் கண்டுபிடி என்று எழுதியிருந்தாய். "அப்பா போட்ட பூட்டை இப்பவாவது உடைச்சிடலாம்" என்று ஒரு கிண்டலும் சேர்த்திருந்தாய். உடைக்கவில்லை தம்பி. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

அந்தக் கதை நமக்கு மனப்பாடம். ஆனாலும் ஒருமுறை நேராக எழுதிப் பார்க்கிறேன். உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பதின்மூன்று. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று நம்மைப் பத்து நாள் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாமும் திரும்பினோம். நீ ஓடிப்போய்க் கோட்டையைத் தொட்டாய். ஒரு கட்டைகூட அசையவில்லை. அடி முதல் நுனி வரை பசை. "ஒட்டிட்டேன். இனிமே உடையாது" என்றார் அப்பா. "உங்களுக்கு விளையாடவே தெரியாதுப்பா" என்று நீ கத்தி அழுதாய். அதன்பிறகு முப்பத்தைந்து வருடமாக நாம் அந்தக் கதையைச் சொல்லாத சபை உண்டா? உன் கல்யாணத்தில் நீ அப்பா மாதிரியே நடித்துக் காட்டினாய். முதலில் சிரித்தவள் நான். உன் பிள்ளைகள் அவரைப் 'பசைத் தாத்தா' என்றே கூப்பிடுகிறார்கள். அவரும் சிரிப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நூலகத்து மாடியில் மாதத்தின் முதல் ஞாயிறு பழைய பொம்மைக் கட்டைகள் சேகரிக்கிறவர்கள் கூடுகிறார்கள் என்று என் கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். கோட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். காரில் ஆடாமல் பிடிக்க ஆள் வேண்டுமே, அப்பாவைக் கூட்டிப் போனேன். வழி நெடுக மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி வந்தார். எதற்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தேன். "பிரிக்கணும்னா பிரிச்சிடலாம், அவன் பொருள்தானே" என்றார்.

அந்தக் கூட்டத்தை நீ பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேர் இருப்பார்கள், தலைக்கு ஒரு கிறுக்கு. ஓய்வு பெற்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர், அவருக்குச் 'சைரன்' என்று பட்டப்பெயர். நம் கோட்டையைப் போலவே ஏழு வைத்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வாரா என்றால் இல்லை. பின்பக்கம் சுவர் முழுசாகக் கிடையாது, தூக்குப் பாலத்தின் நூல் ஒரு வாரம் தாங்காது, பெட்டி மேல் படத்தில் பன்னிரண்டு வீரர்கள், உள்ளே நாலே பேர் என்று அடுக்கினார். எல்லாவற்றையும் விடக் கொடுமை, குதிரை வாசலில் நுழையாது, குதிரையின் காது இடிக்கும். பிறகு எதற்கு ஏழு என்று கேட்டேன். "ஒவ்வொன்னு வாங்கறப்பவும் இதுலயாவது நுழையுதான்னு பாக்கறேம்மா" என்றார்.

இன்னொருவர் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் அம்மா. சின்ன வயதில் அண்ணன்காரன் அவளைக் கோட்டைப் பக்கமே விட்டதில்லையாம். ஐம்பது வயதில் சொந்தமாக ஒன்று வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு கட்டியிருக்கிறாள். "ஒரு மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு. இதுக்கா இவ்ளோ வருஷம் ஏங்கினோம்னு இருந்துச்சு" என்றாள். விற்றுவிட்டீர்களா என்று கேட்டால், "அதெப்படி விக்கறது?" என்று என்னை முறைக்கிறாள். இப்போது வருகிறவை ஆயிரம் மடங்கு நேர்த்தி என்று எல்லோருமே ஒப்புக்கொள்கிறார்கள். ஒருவர் வீட்டிலும் அந்த நேர்த்தியானது இல்லை. உனக்கும் அங்கே இதே வியாதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் கோட்டையை மேசைமேல் வைத்ததும் சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. பசையா, பசையா என்று ஆளாளுக்கு உச்சுக் கொட்டினார்கள். எந்தப் புண்ணியவான் செய்த வேலை என்று ஒருவர் கேட்டார். அப்பா சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேட்டதோ கேட்கவில்லையோ, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பல் அம்மா சுரண்டிப் பார்த்துவிட்டு, ஒரு திரவத்தில் ஊற வைத்தால் பிரிந்துவிடும், சில கட்டைகள் வெளுத்துப்போகும், பரவாயில்லையா என்றாள். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது அப்பா எழுந்து வந்தார். "பின்பக்கச் சுவரை மட்டும் விட்டுடலாமா?" என்றார். கடைக்காரரிடம் பழைய பொருளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறவர் மாதிரி அவ்வளவு தயக்கம்.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பல் அம்மா கோட்டையைத் திருப்பினாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நாள் முழுக்கப் பல்லை ராவுகிற கண் அது. "இந்தக் கட்டை அச்சுல வார்த்தது இல்லையே. அரத்தால ராவினது" என்றாள். ஒன்று, இரண்டு என்று எண்ணி ஒன்பது கண்டுபிடித்தாள். அதில் ஒன்றின் உள்பக்கம் பாதி அழிந்த மூன்றாம் எண் தெரிந்தது. நானும் குனிந்து பார்த்தேன். லிஃப்ட் பட்டன், தம்பி. மூன்றாவது மாடிக்கு அழுத்துகிற பட்டன். முப்பத்தைந்து வருடம் கண்ணெதிரே இருந்த பொருள். அடுத்தவர் பார்வையைச் சோதித்துச் சம்பாதிக்கிறவள் நான், ஒரு நாள்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

அப்பா நின்றபடியே சொன்னார். அத்தனை பேர் நடுவில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "அம்மா வர்றாளேன்னு வீட்டைச் சுத்தம் பண்ணேன். மெத்தையைத் திருப்பிப் போடறப்போ மூலை இடிச்சு, அலமாரி மேலேருந்து கோட்டை விழுந்திருச்சு. ஒம்பது கட்டை நொறுங்கிப்போச்சு. கடையில கேட்டேன், தனியா விக்க மாட்டாங்களாம். லிஃப்ட் கம்பெனி வேலையில நாங்க அப்போ ஒரு கட்டடத்துல பழைய லிஃப்டைக் கழட்டிட்டிருந்தோம். பட்டன் அதே சாம்பல் கலர். சாப்பாட்டு நேரத்துல உக்காந்து ராவினேன். ஆனா ராவின கட்டை மத்ததோட பிடிக்கல. கையெடுத்தா சரியுது. அதான் பசை. ஒண்ணுக்குப் போட்டா பக்கத்துல இருக்கறது ஆடுது. அப்படியே மொத்தமும் போட்டுட்டேன்."

படம் போட்ட புத்தகம் இல்லாமல் எப்படிக் கட்டினீர்கள் என்று சைரன் கேட்டார். புத்தகம் உன் பையில் சித்தி வீட்டில் அல்லவா இருந்தது. நீ கட்டும்போது பார்த்த ஞாபகத்தில் கட்டினாராம். "அங்கங்க தப்பா இருக்கும்" என்றார். சைரன் உடனே வாசலை அளந்தார். ஒரு கட்டை அகலம் கூடுதல், ஒரு கட்டை உயரமும் கூடுதல். தன் பையிலிருந்து குதிரையை எடுத்தார். நுழைந்துவிட்டது, தம்பி! ஆம்புலன்ஸ் ஓட்டிய மனிதர், எழுபது வயது, குதிரையை உள்ளே விடுகிறார், வெளியே எடுக்கிறார், மறுபடி விடுகிறார். "சேகரிக்கறவன் கணக்குல இது குப்பைதான், அதைச் சொல்லிடறேன்" என்று எங்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று. சிக்னல் மாறியதும் சொன்னார்: "அம்மா வர்ற அன்னைக்கு வீட்ல உடைஞ்ச பொருள் ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அவன் அழுதுட்டிருந்தான். அந்த நேரத்துல நாந்தான் உடைச்சேன்னு சொன்னா இன்னும் அழுவான். அப்புறம் நீங்கள்லாம் சிரிக்க ஆரம்பிச்சிட்டீங்க. சிரிக்கற விஷயத்தை எதுக்குக் கெடுக்கறது?" நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். வேறு என்ன செய்வது?

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கும் இது தெரியாது. "மெத்தையைத் திருப்பிப் போட்டீங்களா? நான் அன்னைக்கு அதுலதானே படுத்தேன், எனக்குத் தெரியவே இல்லையே" என்றாள். முப்பத்தைந்து வருடம் கழித்து அதுதான் அவளுக்குக் குறை. பிறகு உள்ளே போனாள். ரொம்ப நேரம் காணோமே என்று எட்டிப் பார்த்தால், ஈரத்துணியும் காது குடையும் பஞ்சும் வைத்துக் கோட்டையின் ஒவ்வொரு சன்னலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது, பின்பக்கம் முன்னால் தெரியும்படி. வருகிறவர்களெல்லாம் தப்பாக வைத்திருக்கிறீர்கள் என்கிறார்கள். அம்மா திருத்த விடுவதில்லை.

நீ கேட்டதும் வீணாகவில்லை. வாசல் கதவும் கொடிகளும் நாற்பது கட்டைகளும் தனிப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். சைரன் தன்னிடம் மிஞ்சியதிலிருந்து கொடுத்தார். பதிலுக்கு அவருடைய ஏழில் ஒன்றுக்கு அப்பா வாசலை அகலப்படுத்தித் தர வேண்டுமாம். அடுத்த கூட்டம் எப்போது என்று அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார். பழைய அரத்தைத் தேடி எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். முகத்தில் ஒரு களை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவருக்குப் போன் செய். அம்மா கடைத்தெருவுக்குப் போயிருப்பாள். மன்னிப்பு கின்னிப்பு என்று எதுவும் கேட்டுவிடாதே, பதறிப்போவார், பிறகு வாயே திறக்க மாட்டார். ஒவ்வொரு கட்டை மேலும் எட்டுக் குமிழ் இருக்கிறதே, அத்தனையும் ஒரே உயரத்துக்கு எப்படி ராவினீர்கள் என்று மட்டும் கேள். சொல்லத் தொடங்குவார். அவருக்கு நிதானமாகத்தான் வரும், நடுவில் நிறுத்தி யோசிப்பார், சொன்னதையே திரும்பச் சொல்வார். அங்கே உனக்கு எவ்வளவு வேலை இருந்தாலும் சரி, அவராக முடிக்கிறவரைக்கும் போனை வைத்துவிடாதே, என் தங்கமே.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

உன்
அக்கா