புண்ணாக்கு வழக்கில் நீ கேட்ட கேள்வி

இன்று காலை திருச்சுழிக்குப் போகவேண்டிய லோடில் ஒரு மூட்டை கிழிந்து, பருத்திப் புண்ணாக்கின் வாசம் கடை முழுக்கப் பரவியது. உன் நினைவு வந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் நாம் சேர்ந்து நடத்திய தீவனக் கடையை இப்போது நானும் உன் மனைவி ஆபிதாவும் பார்த்துக்கொள்கிறோம்.

நம் புண்ணாக்கு மாட்டுத் தீவனம் ஆகாது, அதனால் வரி உண்டு என்று தீர்ப்பாயம் சொன்ன நாளில் நான் இடிந்துபோனேன். பில் இல்லாமல் ஒரு லோடு அனுப்பியதற்கு அபராதமும் அதே உத்தரவில் இருந்தது.

"கடையைப் பூட்டிருவோம்லே" என்றேன்.

நீயோ டயாலிசிஸுக்கு மதுரை போகும் நாளில் என்னையும் வக்கீலம்மாவிடம் இழுத்துப் போனாய். அவர் பொறுமையாக விளக்கினார்: "என்ன நடந்துச்சுன்னு ஹைகோர்ட்டு மறுபடி விசாரிக்காது. சட்டத்துக்குத் தப்பா அர்த்தம் சொல்லியிருந்தா அப்பீல் பண்ணலாம். அதுவும் கெடு முடியிறதுக்குள்ள."

நீ உடனே சொன்னாய்: "பில்லு இல்லாம லோடு போனது நெசம். அபராதத்தைக் கட்டிருவோம். தீவனம்னா என்னன்னு சட்டம் சொல்லுது? அதை மட்டும் கேப்போம்."

எனக்குக் கோபம். "ஒண்ணை ஒத்துக்கிட்டா மத்ததுலயும் திருடன்னு நெனைப்பாகலே!"

"நெனைச்சுக்கிறட்டும்லே. செய்யாததுக்குத்தான சண்டை."

அன்றைக்கே டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி, ஊசி குத்திய கையை அசைக்காமல், மறு கையால் வக்காலத்தில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாய். வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே எங்களை விட்டுப் போய்விட்டாய்.

நீதிபதி கேட்ட முதல் கேள்வியே அபராதத்தைப் பற்றித்தான். "அது நடந்த விஷயம், என் கட்சிக்காரர்கள் கட்டிவிட்டார்கள்" என்றார் வக்கீலம்மா. அதன் பிறகு வாதம் முழுக்கத் தீவனம் என்ற ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தது. ஜெயித்தோம். ஆபிதாவிடம் சொன்னபோது அழுதுகொண்டே சிரித்தாள். "அவுக இருந்திருந்தா இன்னைக்குத் தெருமாட்டுக்கெல்லாம் ஒரு மூட்டையப் பிரிச்சுக் கொட்டியிருப்பாகண்ணே."

போன மாதம் வரித்துறை டெல்லிக்குப் போயிருக்கிறது. மேல்முறையீட்டுக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தால்தான் விசாரணை. சுமை தூக்குபவர்கள் பயந்துபோய், "மறுபடியுமா?" என்றார்கள்.

"நமக்குக் கேக்க வழி இருந்துச்சுல்ல, அவுகளுக்கும் இருக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது என் பழைய குரல் இல்லை. எந்த உத்தரவு வந்தாலும் இப்போது நான் முதலில் தேடுவது நம் தவறைத்தான். அதை ஒத்துக்கொண்டு தீர்த்துவிட்டால், மிச்சத்துக்காக எந்தப் படியும் ஏறலாம். வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன், டெல்லிக்கு நானும் வருகிறேன் என்று.