நின்றுபோன கலியாண அட்டை

ஓகஸ்ட் 16, சனி

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பரமாட்டாவில் வெள்ளைக்காரர் குடியேறிய காலத்து வீடொன்றில் இன்று குவில்லிங் போட்டி. அக்காலச் சீமாட்டிகள் தாளை நாடா நாடாவாக வெட்டிச் சுருட்டித் தேயிலைப் பெட்டிகளை அலங்கரித்தது போல நாங்களும் செய்ய வேண்டும். மூன்று மாதம் முதுகு நோக உட்கார்ந்து ஒரு பெட்டி செய்தேன். நடுவராக வந்த மனுசி அதைக் கையில் எடுக்கவே இல்லை. கடையில் வாங்கிய மினுக்குத் தாளாம், அந்தக் காலத்துக்குப் பொருந்தாதாம். அந்தச் சீமாட்டிகளும் பொன் விளிம்புத் தாளைத்தானே சுருட்டினார்கள்? இது ஏது தாள் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

காரிலும் திட்டிக்கொண்டே வந்தேன். மகள் வாணி பெட்டியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இது என்ர வெடிங் கார்ட்தானே?"

"ஓம். பிள்ளையார் படம் போட்டதைக் குப்பையில போடேலுமே?"

கலியாணம் நின்று இரண்டு வருடம். கொடுக்காத அட்டைகள் கட்டுக் கட்டாக அலுமாரியில் கிடந்தன. பிள்ளையாரை வெட்டிச் சாமியறையில் வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் சுருட்டினேன்.

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டனீங்களா?"

"நான் அடிப்பிச்ச கார்ட். உன்னட்ட ஏன் கேக்கோணும்?"

வீடு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாப்பிட வரவில்லை.

அந்த நடுவருக்கு நாலு வார்த்தை சூடாக எழுத உட்கார்ந்தேன். 'என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்' என்ற முதல் வரியோடு பேனா நின்றுவிட்டது.