பட்டியலில் அப்பா பெயர்

தூத்துக்குடி,
5.9.2022

அன்புள்ள அக்காவுக்கு,

துறைமுக வேலையும் பிள்ளைகள் படிப்புமாக இங்கே நாள் ஓடுகிறது. அத்தானுக்கு முட்டுவலி தேவலையா? போனில் சொன்னால் பாதியிலேயே "சரிலே, வைக்கேன்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கொரோனா ஊரடங்கில் வெட்ட ஆளும் லாரியும் இல்லாமல் மரத்திலேயே அழுகிய வாழைக்கு அரசு நிவாரணம் கொடுத்ததல்லவா? நம் ஊரில் யார் யார் வாங்கினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தேன். எட்டு மாதம் இழுத்தடித்துப் பட்டியல் வந்துவிட்டது. ஒரு வாழைக்கன்றுகூட வைக்காத ஏழு பேர் வாங்கியிருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, அப்பா பெயரும் இருக்கிறது! அப்பா இறந்து மூன்று வருஷம் கழித்து எவனோ அவர் கையெழுத்தைப் போட்டிருக்கிறான். அக்டோபர் இரண்டாம் தேதி கிராமசபையில் ஒன்றுவிடாமல் வாசிக்கப் போகிறேன். அவனை விடமாட்டேன்.

தம்பி லிங்கராஜ்

12.9.2022

லிங்கராஜுக்கு,

அந்தக் கையெழுத்து நான் போட்டது.

திட்டாதேலே, முழுசாகப் படி. நம் வயலில் வாழை வைத்தது தங்கத்தாய். அப்பா காலத்திலிருந்தே வாய்ப்பேச்சுக் குத்தகை, ஒரு காகிதம் கிடையாது. பட்டாவையும் நாம் அப்பா பெயரிலிருந்து மாற்றவில்லை. அடுத்த லீவில் பார்ப்போம் என்று நீ சொல்லிச் சொல்லியே வருஷம் போய்விட்டது. பட்டா யார் பெயரிலோ அவருக்குத்தான் நிவாரணம் என்றுவிட்டார்கள். அழுகின தாரை வெட்டி மாட்டுக்குப் போட்டுக்கொண்டே, "எனக்கு யாரு மதினி தருவா?" என்று கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை. அப்பாவின் ஏ.டி.எம். கார்டு என்னிடம்தானே இருந்தது. வந்த பணத்தை அப்படியே அவள் மடியில் போட்டேன். ஒரு ரூபாய் தொடவில்லை, பிள்ளைகள்மேல் சத்தியம்.

அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடு ராசா.

அக்கா சண்முகசுந்தரி

தூத்துக்குடி,
20.9.2022

அக்கா,

படித்துவிட்டு அழுதேன். ஆனால் நம் வீட்டு வரியை விழுங்கிவிட்டு மற்றவன் வரியை வாசிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எல்லாவற்றையும் வாசிப்பேன். நீ ஏன் செய்தாய் என்பதையும் சொல்வேன். ஊர் புரிந்துகொள்ளும், பயப்படாதே.

லிங்கராஜ்

9.1.2023

தம்பி,

நாலு கடிதம் போட்டுவிட்டாய். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் பெண்டாட்டி போனில் அழுதாள். அதனால் எழுதுகிறேன்.

நீ வாசித்ததில் ஒரு பொய் இல்லை. ஆனால் அந்த ஏழு பேரும் "ஒங்கக்கா செத்தவரு பேருல வாங்குதா, நீ எங்களக் கேக்க வந்துட்டியோ" என்று சிரித்ததோடு சரி. விசாரணைக்கு ஆள் வந்தது நம் வீட்டுக்கு மட்டும்தான். நீ காரணம் சொன்னதில் தங்கத்தாய் பெயரும் விசாரணைக் காகிதத்தில் ஏறிவிட்டது. வளையலை விற்று நிவாரணப் பணத்தை நானே திருப்பிக் கட்டிவிட்டேன். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "என்னாலதான மதினி ஒங்களுக்கு இந்தக் கேவலம்" என்று அழுதாள். மறுநாளே வயலை விட்டுவிட்டு உப்பளத்து வேலைக்குப் போய்விட்டாள். எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். உனக்குத்தான் பொய் பிடிக்காதே.

இந்த வருஷம் பொங்கல்படி கொண்டு வராதே. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருஷமும் நீ தவறியதில்லை. கரும்பும் பச்சரிசியுமாக நீ வாசலில் வந்து நின்றால், வாங்காமல் அனுப்ப எனக்கு மனசு வராது. அதனால்தான் சொல்கிறேன், வராதே.

அக்கா