டவர் வரட்டும் எண்டு

புதன், இரவு



ஊருக்குப் புது டவர் வந்தாப் பிறகு நல்ல போன் ஒண்டு வாங்குவம் எண்டு ஒரு வருஷமா இருந்தனான். லண்டனில இருக்கிற மகள் வீடியோ கோல் எடுத்தால் படம் வராது, குரல் மட்டும் விட்டுவிட்டு வரும். "இங்க கவரேஜ் இல்லை பிள்ளை, டவர் வரட்டும்" எண்டு சொல்லிச் சொல்லியே காலம் போச்சு.

இனி ஏலாது எண்டு இண்டைக்குத் திருமலை டவுனுக்குப் போனனான். 5ஜி போன் எடுக்கவோ, மலிவானது போதுமோ எண்டு கேட்டன். கடைக்காரர் என்ர பழைய போனை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"ஐயா, இதை ஆர் 2ஜியில போட்டு வச்சது?"

நான்தான். வள்ளத்தில போகேக்க சார்ஜ் நிக்கட்டும் எண்டு கடலுக்குப் போற நாங்கள் செய்யிற வேலை. கரைக்கு வந்து மாத்த மறந்தே போனன். உங்கட ஊரில பழைய டவரிலேயே 4ஜி இருக்கு எண்டு சொல்லி அவர் ஒரு நிமிஷத்தில மாத்தித் தந்தார்.

புது போன் வாங்காமலே வீட்டை வந்து மகளுக்கு வீடியோவில எடுத்தன். வழமைபோலப் படம் வராது எண்டு நினைச்சு அவளும் கோலை ஆன்சர் பண்ணிட்டாள். படம் கண்ணாடி மாதிரி வந்தது.

அவளின்ர தலையில ஒரு மயிர் இல்லை. கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது.

கெதியாக் கமராவைக் கையால பொத்தினாள். பொத்தினபடியே கேட்டாள்: "அப்பா, டவர் வந்திட்டுதோ?"

ஓம் எண்டன்.