சாமி பாட்டு

டீச்சர்,

நேற்று ஆண்டு விழா முடிந்தது. இன்று காலையில் துவைக்க எடுத்த புடவையில் இன்னும் ரோஸ் பவுடர் வாசம் போகவில்லை. மேடைக்குப் பின்னால் வரிசையில் நிறுத்தி வைத்தபோது பிள்ளைகள் அத்தனை பேரும் என் மேல் சாய்ந்தும் உரசியும் முகத்தில் பூசியதில் பாதியை என் முந்தானைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். உங்களுக்கு அந்தப் பவுடரைக் கண்டாலே ஆகாது. "மூஞ்சி வெள்ளையா இருந்து என்னங்க பண்ண? மொத வரியிலயே தும்முவாங்க" என்று ஒவ்வொரு வருடமும் அம்மாக்களோடு மல்லுக்கு நிற்பீர்கள். நேற்று அதற்கு ஆளில்லை. இரண்டு பேர் தும்மத்தான் தும்மினார்கள். ஆனாலும் பாடிவிட்டார்கள் டீச்சர். அப்பாடா என்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் புடவையை வாளியில் போடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

ஆத்தூரிலிருந்து பரமத்தி வேலூர்ப் பக்கம் கணக்கு டீச்சராக வந்தவள் நான். என் குரலுக்கும் சுருதிக்கும் ஏழாம் பொருத்தம். அது தெரிந்தே என்னைக் குழுப்பாட்டில் சேர்த்துக்கொண்டீர்கள். பாட்டுப் பிடிப்பது உங்கள் வேலை, வரிசை பிடிப்பது என் வேலை. வகுப்பில் பிள்ளைகள் என்னைக் கண்டு பயப்படுவது உங்களுக்கு வசதியாக இருந்தது. "நீங்க சும்மா முறைச்சுக்கிட்டு நின்னாப் போதுங்க டீச்சர், தாளம் தன்னால வந்துரும்" என்பீர்கள். கேலியா பாராட்டா என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

ஆண்டு விழாவுக்குப் பாட்டுத் தேடும் மாதத்தில் உங்களோடு இருப்பது பெரும்பாடு. யார் எந்தப் பாட்டைச் சொன்னாலும் மெட்டைக் கேட்க மாட்டீர்கள். வரிகளை மட்டும் வாங்கிக்கொண்டு, மதியம் பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற குழாயடிக்குப் போய்விடுவீர்கள். அங்கே அவர்களை அந்த வரிகளைப் பேச்சாகச் சொல்லச் சொல்வீர்கள். எங்கே மூச்சு முட்டுகிறது, எந்தச் சொல்லில் சிரிப்பு வருகிறது, எது வாயில் ஒட்டாமல் வழுக்குகிறது என்று பார்ப்பீர்கள். ஊரே மெச்சுகிற பாட்டாக இருந்தாலும் குழாயடியில் தோற்றால் தோற்றதுதான். "பாட்ட நாம எடுக்கறதில்லீங்க. புள்ளைங்க வாயி எடுக்கும்."

ஒரே ஒரு வருடம் குழாயடிக்குப் போகாமல் அவசரத்தில் ஒரு பாட்டை எடுத்தோம். அதில் வரிக்கு வரி வீடு என்ற சொல் வரும். மேடையில் மூன்றாம் வகுப்பு மொத்தமும் தொண்டை கிழிய "ஊடு, ஊடு" என்று பாடியது. முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். எனக்கு மானம் போனது போல இருந்தது. இறங்கி வந்த பிள்ளைகளைத் திட்ட வாயெடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தி, "விடுங்க டீச்சர். ஊடுன்னாலும் குடியிருக்கலாமுங்க" என்றீர்கள். அதை நினைத்து இப்போதும் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன்.

நீங்கள் போனபின் குழுப்பாட்டு என் தலையில் விழுந்தது. புதிதாக வந்திருக்கும் பிரின்சிபால் மேடம் தஞ்சாவூர்ப் பக்கம். நல்ல மனுஷி, ஆனால் எல்லாவற்றுக்கும் கெடு வைப்பவர். வெள்ளிக்கிழமைக்குள் பாட்டு முடிவாகாவிட்டால் குழுப்பாட்டையே எடுத்துவிட்டு, அந்த நேரத்துக்கு ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போட்டு நடனம் வைத்துக்கொள்ளலாம் என்றார். டான்ஸ் மாஸ்டர் பென்டிரைவோடு அன்றைக்கே வந்து காத்திருந்தார். ஒருமுறை எடுத்துவிட்டால் அது திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் சொந்தக் குரலில் பாடுவதற்கென்று எங்கள் மேடையில் நீங்கள் பிடித்து வைத்திருந்த இடம் அது ஒன்றுதான்.

நான் எடுத்தது உங்கள் பாட்டு. இப்போது போர்வெல் வண்டியோடு வடக்கே போய்விட்ட உங்கள் மகனை, அவன் சின்னப் பையனாக இருந்தபோது எழுப்புவதற்காக நீங்களே கட்டிய பாட்டு. "எந்திரி சாமி எந்திரி, ஏரிக்கரை வெளுத்தாச்சு. பல்ல வெளக்கு, சோத்தத் தின்னு, பஸ்ஸு வர நேரமாச்சு." மேடைக்கு இது ரொம்பச் சின்னது என்று ஒதுக்கியே வைத்திருந்தீர்கள். குழாயடிக்குக் கொண்டுபோனேன். ஒரு சொல்லிலும் தடுக்கவில்லை.

மேடம் வரிகளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன மிஸ் இது? கோயில்ல விடியக்காலையில சாமியை எழுப்பறதுக்குப் பாடுவாங்களே, அதுதானே? பக்திப் பாட்டு கூடாதுன்னு நிர்வாகம் சொல்லியிருக்கில்ல?"

போன வருடத்துக் கதை உங்களுக்குத் தெரியும். விழாக் குழுவில் யாரோ ஆசைப்பட்டு, நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், ஒரு சாமி பாட்டைச் சேர்த்தார்கள். மறுநாளே கறுப்புச் சட்டை போட்ட அந்த லாரி டிரைவர், நாலாம் வகுப்புப் பெண்ணின் அப்பா, வந்து நின்றார். "பள்ளிக்கோடத்துல எல்லாப் புள்ளைங்களும் படிக்குதுங்க. சாமி பாட்டு எதுக்குங்க?" என்று அமைதியாகத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து அந்தத் தடை.

"மேடம், இங்க சாமின்னா பிள்ளை. பெத்தவங்க பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றேன். தப்பிக்கப் பார்க்கிற மாணவியைப் பார்ப்பது போலப் புன்னகைத்தார். "அப்ப சாமிக்குப் பதிலா கண்ணேன்னு போட்டுடுங்க" என்றார்.

போட்டுப் பார்த்தேன் டீச்சர். "எந்திரி கண்ணே எந்திரி." முதல் வரியிலேயே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எங்கூட்ல யாருமே அப்படிக் கூப்புட மாட்டாங்க மிஸ், சினிமாவுலதான் கூப்புடுவாங்க" என்றாள் ஒருத்தி. அதட்டினேன். அதட்டலுக்குப் பயந்து கண்ணே என்று தொடங்கிய குரல்கள் அடுத்த அடியிலேயே தாமாகச் சாமிக்குப் போய்விட்டன. முறைத்தால் தாளம் வரும், சொல் வருமா? வெள்ளிக்கிழமை காலை, தோற்றுப்போனேன் என்று மேடத்திடம் சொல்லிவிடுகிற முடிவோடுதான் பஸ் ஏறினேன்.

பள்ளி வாசலில் மேடம் நின்றிருந்தார். சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன். அந்த நேரத்தில் கறுப்புச் சட்டைக்காரர் பைக்கில் வேகமாக வந்து நின்று, உள்ளே போய்க்கொண்டிருந்த மகளைப் பார்த்துக் கத்தினார். "சாமி! ஏ சாமி! தண்ணி பாட்டல ஊட்லயே உட்டுட்டு வந்துட்டியே சாமி!" அவள் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். "போ சாமி, மணி அடிக்கப் போறாங்க" என்று புறங்கையை வீசி அனுப்பினார்.

மேடம் மெதுவாக அவரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏன் சார், நீங்கதானே சாமியே இல்லைங்கறவர்?"

"ஆமாங்க மேடம். சாமியெல்லாம் இல்லீங்க."

"இப்ப கூப்பிட்டீங்களே?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. என்னைப் பார்த்தார், மகள் போன திசையைப் பார்த்தார். "அது எம் புள்ளைங்க" என்றார்.

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "பழைய வரியையே பாடட்டும் மிஸ். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். அங்கேயே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கணக்கு டீச்சரின் கௌரவம் தடுத்தது.

நேற்று சுருதி கொடுக்க நீங்கள் இல்லை. என்னால் முடியாது. அதனால் வழக்கம்போல முறைத்துக்கொண்டு நின்றேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தத் தண்ணி பாட்டில்காரி எடுத்துக் கொடுத்தாள், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்சம் மேலேதான் எடுத்துவிட்டாள், நீங்கள் இருந்திருந்தால் புருவத்தைச் சுருக்கியிருப்பீர்கள். ஆனால் கீழே உட்கார்ந்திருந்த அம்மாக்களும் அப்பாக்களும் வரி தெரியாமலே கூடப் பாடத் தொடங்கிவிட்டார்கள். கறுப்புச் சட்டைக்காரர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றார்.

கடைசி வரி உங்களுக்கு நினைவிருக்கும். எழுப்பி, குளிப்பாட்டி, சோறு கொடுத்த பிள்ளையை, இருட்டுவதற்குள் திரும்பிவிடச் சொல்லி வாசலில் நின்று அனுப்புகிற வரி. "போயிட்டு வா சாமி, பொழுதோட வா சாமி." அதற்கு நான் கையசைவு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகளாகவே, தங்கள் வீட்டில் பார்த்தபடி, எல்லாரும் ஒன்றாகப் புறங்கையை வீசினார்கள்.

அப்போதுதான் டீச்சர், எனக்குச் சேலம் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. உங்களைக் கடைசியாகப் பார்த்த அந்தச் சாயங்காலம், மூக்கையும் வாயையும் மூடிய ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து நீங்கள் "சாமி... சாமி..." என்றீர்கள். கட்டில் விளிம்பில் கை அசைந்தது. கோயிலுக்குப் போனாலும் நின்று கும்பிட நேரமில்லாமல் திரும்புகிறவர் நீங்கள். அப்படிப்பட்டவர் கடவுளைக் கூப்பிடுகிறார் என்றால் என்ன வலி வலித்திருக்கும் என்று அழுதபடி நாமக்கல் பஸ்ஸில் ஏறினேன். அன்றிலிருந்து உங்களை நினைக்கும்போதெல்லாம் அந்த வலிதான் முதலில் வந்து நின்றது. எத்தனையோ வருடம் என்னை டீச்சர் என்று மட்டுமே கூப்பிட்டவர் நீங்கள். அந்தச் சொல் எனக்கானதாக இருக்கும் என்று நான் எப்படி நினைப்பேன்?

மேடையில் அந்தக் கைகளைப் பார்த்ததும் உங்கள் கை எப்படி அசைந்தது என்று தெரிந்துவிட்டது. புறங்கைதான். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. என் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. ஒவ்வொரு ஒத்திகையின் முடிவிலும் அதை எனக்கு நினைவுபடுத்துகிறவர் நீங்கள்தானே. வலியில் யாரையும் கூப்பிடவில்லை நீங்கள். என்னைத்தான் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தீர்கள்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் நான் நன்றாக ஒரு மூச்சு அழுது முடித்திருந்தேன். கணக்கு டீச்சர் அழுவதைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். பாட்டு நன்றாக இருந்தது என்று சொல்லி ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்து அனுப்பினேன். இனி உங்களை நினைத்தால் அந்தச் சொல்தான் முதலில் வரும். அது என்னிடமே இருக்கட்டும்.

அன்றைக்கு உங்களுக்குப் பதில் சொல்லாமலே வந்துவிட்டேன். உங்கள் ஊர்ப் பேச்சு இன்னும் என் வாயில் சரியாக ஒட்டாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போயிட்டு வாரேனுங்க டீச்சர்.