உரிந்த முகத்தோடு வலீமாவுக்கு

அன்பு மகள் ரிஃப்காவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் மெரிலேண்ட்ஸில் நானும் வாப்பாவும் சுகம், பெர்த்தில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். ஐம்பத்தொரு வயதில் எனக்கு முகப்பரு, தாடையெல்லாம் சிவந்த கட்டி. மாதவிடாய் நிற்கும் காலத்தில் சிலருக்கு இப்படி வருமாம், டொக்டர் ஒரு ஜெல்லுக்கு மருந்துத் துண்டு எழுதித் தந்தார். படுக்குமுன் முகம் கழுவிக் காயவிட்டுப் பூச வேண்டும், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும், பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம், பலன் தெரிய மூன்று மாதம் ஆகும் என்றார். எனக்கு ஏது பொறுமை, அள்ளிப் பூசினேன். நாலாம் நாள் முகம் எரிந்து தோல் செதில் செதிலாக உரிந்தது. பாமசியில் வேலை செய்யும் சயந்தினி, கூடப் பூசினாக் கெதியா மாறாது அன்ரி, கொஞ்ச நாள் விட்டிட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் பூசுங்கோ என்றாள். அப்படியே செய்தேன், உரிவது குறைந்தது, நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாப்பாவுடன் பிறந்த ஹஸீனா மாமியின் மகன் உமைருக்கு பிளாக்டவுன் மண்டபத்தில் வலீமா, மாப்பிள்ளை வீட்டுக் கல்யாண விருந்து. மாமி முதல்நாளே போன் எடுத்து, மச்சி அந்த இங்கிலீஷ் மருந்த நிப்பாட்டிட்டு மஞ்சள் பூசுங்க என்றார். நான் நிறுத்தவில்லை, பவுடரும் போடவில்லை. குடும்பப் போட்டோ எடுக்கும்போது மாமி என் கையைப் பிடித்து, இந்த முகத்தோட முன்னுக்கு நிக்காதீங்க, பின்னுக்குப் போங்க என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உமைரத் தூக்கி வளர்த்த மாமி நான், இங்கதான் நிப்பன், போட்டோ பழுதாகினா ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். நகரவில்லை மகள்.

அப்போது உன் நினைவுதான் வந்தது. பதினேழு வயதில் உன் முகம் நிறையப் பரு இருந்தபோது, பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் இதே சொல்லைச் சொல்லி உன்னைப் பின்னால் அனுப்பியது நான். டொக்டரிடம் கூட்டிப் போகாமல், சொக்லட் தின்றதால்தான் வந்தது என்று ஏசியதும் நான். அந்தப் போட்டோவில் உன் நெற்றி மட்டும்தான் தெரிகிறது. நான் செய்தது பிழை. இனி எவர் உன்னைப் பின்னால் போகச் சொன்னாலும் முதலில் என்னோடு பேசட்டும்.

ஜெல் பூசத் தொடங்கி இப்போது பதினோராவது கிழமை. புதிதாக வருவது குறைந்திருக்கிறது, தழும்பு இருக்கிறது, இருக்கட்டும். வலீமா போட்டோ இதோடு வைத்திருக்கிறேன், முன்வரிசையில் என்னைத் தேடத் தேவையில்லை, உடனே தெரிவேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். வேலைக்குப் போகுமுன் ஏதாவது சாப்பிடு. போன் எடுக்கும்போது கமெராவை மூடிவைக்காதே, ஐந்து வருடமாக உன் குரலை மட்டும்தான் கேட்கிறேன்.

உன் முகம் காணக் காத்திருக்கும்
உம்மா ஷம்லா